ஃபேஸ்புக் விளம்பரத்துல 1,800 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) போட்டேன், ஒரு கஸ்டமர் கூட வரல. எங்க தப்பு?

பொங்கோல்_புரோகிராமர்
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு சத்தம் போடாம போறவன், இன்னிக்குத் தான் முதல் தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நானும் என் பாலிடெக்னிக் நண்பனும் சேர்ந்து ஒரு சின்ன சாஃப்ட்வேர் பண்ணிருக்கோம். டியூஷன், டான்ஸ் கிளாஸ், மியூசிக் கிளாஸ் நடத்துறவங்களுக்கு. பிள்ளைங்க வந்தாங்களா, யார் ஃபீஸ் கட்டல, யாருக்கு ரீப்ளேஸ்மென்ட் கிளாஸ் பாக்கி, எல்லாம் ஒரே இடத்துல. மாசம் 39 வெள்ளி. பகல்ல ரெண்டு பேருக்கும் ஆபீஸ், ராத்திரி 10 மணிக்கு மேல தான் இந்தக் கடை. இப்போ 11 பேர் யூஸ் பண்றாங்க, அதுல 8 பேர் ஏற்கனவே தெரிஞ்சவங்க, மிச்ச 3 பேர் அவங்க சொல்லி வந்தவங்க.

மார்ச்லேர்ந்து மே வரைக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 1,800 வெள்ளி விட்டேன். நாங்க ஜிஎஸ்டி பதியாத கம்பெனி, அதனால 9% மேல, ஆகமொத்தம் 1,962. வந்தது 640 லைக், 31 கமென்ட். அதுல 14 கமென்ட் "அண்ணா வேலை இருக்கா", 3 கமென்ட் குட்மார்னிங் பூ. காசு கட்டி சேர்ந்தது பூஜ்யம்.

விளம்பர வாசகம் இது: "உங்கள் கல்வி நிலையத்திற்கான ஒருங்கிணைந்த கிளவுட் மேலாண்மைத் தீர்வு". படத்துல ஒரு லேப்டாப், சிரிக்கிற பொண்ணு. தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு. சரக்கு நல்லா தான் இருக்கு, யூஸ் பண்றவங்க யாரும் இன்னும் விட்டுப் போகல. அப்போ எங்க கோட்டை விட்டேன்?

கோப்பி_ஓ_கோசோங்
தம்பி, ஒரே கேள்வி. போஸ்டுக்குக் கீழ நீலமா இருக்குமே, காசு கட்டினா போஸ்ட்ட நிறைய பேருக்குக் காட்டுற பூஸ்ட் பட்டன், அத அமுக்குனியா?

பொங்கோல்_புரோகிராமர்
ஆமாண்ணே. அது தானே ஈஸி.

கோப்பி_ஓ_கோசோங்
அங்க தான் போச்சு. அந்த மெஷின் சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை மாதிரி, நீ எது கேட்டியோ அத மட்டும் கொண்டு வந்து கொடுக்கும். பூஸ்ட்ல ஒண்ணும் மாத்தாம விட்டா பெரும்பாலும் லைக்கும் கமென்டும் தான் குறிக்கோளா நிக்கும், அப்போ அது சிங்கப்பூர்ல எவன் பார்த்ததுக்கெல்லாம் லைக் போடுவானோ அவன தேடிப் பிடிச்சுக் காட்டும். டியூஷன் சென்டர் நடத்துற ஆளு லைக் போட நேரம் இல்லாத ஆளு லா. நீ கேட்டது லைக், 640 கிடைச்சுது, மெஷின் மேல குத்தம் சொல்ல முடியாது.

ஆட்ஸ் மேனேஜர்னு தனியா இருக்கு, அதுல லீட்ஸ்னு (வாங்க ஆர்வமா இருக்கிறவங்க விவரத்த சேர்க்கிறது) குறிக்கோள் வெச்சு ஒரு சின்ன ஃபார்ம் போடலாம், இல்ல வாட்ஸ்ஆப்ல பேச்சு ஆரம்பிக்கிற மாதிரி வெக்கலாம். ஆனா அத செஞ்சாலும் கணக்கு பாரு: மாசம் 39, வருஷத்துக்கு 468. ஒரு கஸ்டமர பிடிக்க விளம்பரத்துல 200 வெள்ளி ஆச்சுன்னா முதல் 5 மாசம் அந்தக் கடன அடைக்கவே போயிடும். 1,800ம் சரியா போட்டிருந்தா கூட 9 பேர் தான். இது 39 வெள்ளி சரக்கு, இதுக்கு விளம்பரம் தாங்குமான்னு முதல்ல யோசி.

உபி_டேட்டாபேஸ்
நான் கார் வொர்க்‌ஷாப்புக்கு ஜாப் கார்டு (எந்த வண்டிக்கு என்ன வேலைன்னு குறிக்கிற அட்டை) சாஃப்ட்வேர் விக்கிறேன், 6 வருஷம் ஆச்சு. சோஷியல் மீடியாவால எனக்கு நேரடியா வந்த கஸ்டமர் மொத்தமே ரெண்டு. மத்தவங்க எல்லாம் உபி, காக்கி புக்கிட் பக்கம் ஒவ்வொரு கடையா ஏறி இறங்கி, டயருக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து காட்டி வாங்குனவங்க. ஆளப் பாக்காம 39 வெள்ளி கூட குடுக்க மாட்டாங்க, காரணம் காசு இல்ல, நாளைக்கு இவன் கடைய மூடிட்டா என் கணக்கு எங்க போகும்ங்கிற பயம்.

அதனால என் அபிப்பிராயம், சோஷியல் மீடியா விக்காது. ஆனா மூடவும் கூடாது. யாராவது என் பேர சொன்னதும் அந்த ஆளு முதல் வேலையா ஃபேஸ்புக்ல தேடுவான், கடைசி போஸ்ட் 2022 சீனப் புத்தாண்டு வாழ்த்துன்னு இருந்தா சரி இவன் போயிட்டான்னு முடிவு கட்டிடுவான். கடைக்கு வெளிய லைட் எரியிற மாதிரி, அவ்ளோ தான்.

ஈசூன்_தம்பி
ப்ரோ எதுக்கு இவ்ளோ கஷ்டம், கூகுள் மேப்ல டியூஷன் சென்டர்னு தேடி நம்பர் எல்லாத்தையும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எடுத்து வாட்ஸ்ஆப்ல ஒரே ராத்திரில 500 பேருக்கு அடிச்சு விடுங்க, 1% வந்தாலும் 5 பேர், செலவு சுழியம்

நைட்_கோடர்
@ஈசூன்_தம்பி அத செய்யாதீங்க. விளம்பரம் வேணாம்னு நம்பர பதிஞ்சு வெக்கிற பட்டியல் இருக்கே, டூ நாட் கால் (டிஎன்சி), 2014 ஜனவரிலேர்ந்து இருக்கு, வாட்ஸ்ஆப் மெசேஜும் போன் நம்பருக்குத் தானே போகுது, அதுவும் அதுக்குள்ள வரும்.

ஈசூன்_தம்பி
கம்பெனிக்கு அனுப்புனா டிஎன்சி இல்லைனு எங்க பாஸ் சொல்வாரே

உபி_டேட்டாபேஸ்
உங்க பாஸ் சொன்னது பாதி சரி. ஒரு நிறுவனத்துக்கு தொழில் விஷயமா அனுப்புற மெசேஜுக்கு டூ நாட் கால் விதி பொருந்தாது. ஆனா மிச்சப் பாதிய கேளுங்க. சாஃப்ட்வேர் வெச்சு நம்பர வாரி எடுத்து அந்த நம்பர்களுக்கு அனுப்புறதே 2021 பிப்ரவரி திருத்தத்துக்கு அப்புறம் தடை. அப்புறம் ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம்னு 2007லேர்ந்து தனியா ஒண்ணு இருக்கு, 24 மணி நேரத்துல 100க்கு மேல போனாலே அது மொத்தமா அனுப்புறது கணக்குல வரும், விளம்பரம்னு அடையாளம் போடணும், வேணாம்னு சொல்ல வழி வெக்கணும். இதெல்லாம் போக, கேட்காத மெசேஜ நாலு பேர் ரிப்போர்ட் அடிச்சா வாட்ஸ்ஆப் நம்பரே பூட்டிக்கும், அதே நம்பர்ல தான் உங்க பழைய கஸ்டமரும் இருப்பாங்க. எனக்கு அப்படி ஆச்சு, ஒரு வாரம் புது நம்பர்லேர்ந்து "நான் தான் அண்ணே"ன்னு எல்லாருக்கும் போன் போட்டேன், பாதி பேர் ஸ்கேம்னு கட் பண்ணிட்டாங்க.

ஈசூன்_தம்பி
ஓகே ஓகே வாய மூடிக்கிறேன் 😅

டியூஷன்_அக்கா
தம்பி, நான் வாங்குற பக்கம் இருக்குறவ. உட்லண்ட்ஸ்ல சின்ன சென்டர், 60 பிள்ளைங்க, நான், இன்னும் ரெண்டு டீச்சர், சனி ஞாயிறுல ஒரு உதவியாளர் பொண்ணு. உன் விளம்பரத்த நான் பார்த்திருக்கேன்னு நினைக்கிறேன், அந்த சிரிக்கிற பொண்ண நிறைய பேர் விளம்பரத்துல பார்த்தாச்சு, அதனால உன்னது தானான்னு சரியா தெரியல. பார்த்தேன், தள்ளிட்டுப் போயிட்டேன். ஏன்னு சொல்றேன், கோச்சிக்காத.

"ஒருங்கிணைந்த மேலாண்மைத் தீர்வு"ன்னா எனக்கு என்னன்னே புரியல. எனக்கு மேலாண்மைப் பிரச்சினை ஒண்ணும் இல்லப்பா. எனக்கு இருக்குற பிரச்சினை என்னன்னா, மாசம் முதல் வாரம் ஞாயித்துக்கிழமை ராத்திரி 11 மணிக்கு பேங்க் ஆப்ப திறந்து வெச்சிக்கிட்டு உக்காருவேன், பேநவ்ல (பேங்க் ஆப்லேர்ந்து உடனே காசு அனுப்புற வழி) "டான்"னு ஒரு பேர்ல 340 வெள்ளி வந்திருக்கும். என் கிளாஸ்ல நாலு டான் இருக்கு. குறிப்புல ஒண்ணும் எழுதல. 340ங்கிற ஃபீஸே என்கிட்ட கிடையாது. அப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தா, அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் 190, 190, அதுல தங்கச்சி போன மாசம் காய்ச்சல்ல வராத கிளாஸுக்கு 40 அவங்களே கழிச்சிட்டு, தாத்தா அக்கவுன்ட்லேர்ந்து அனுப்பிருக்காங்க. இத கண்டுபிடிக்க எனக்கு 25 நிமிஷம். இந்த மாதிரி மாசத்துக்கு பத்து பன்னெண்டு. தப்பான டான் அம்மாவுக்கு "ஃபீஸ் வரல"ன்னு மெசேஜ் போட்டு நான் வாங்கிக் கட்டிக்கிட்ட கதையெல்லாம் இருக்கு, விடு.

உன் சாஃப்ட்வேர் அத தீர்க்குமா? தீர்க்கும்னா அத மட்டும் காட்டு. அந்த லேப்டாப் படம் எல்லாம் எனக்கு எதுக்கு.

இன்னொண்ணு, நேரம். நீ விளம்பரம் போட்டது மார்ச்லேர்ந்து மே. அப்போ வருஷம் நடுவுல ஓடிட்டிருக்கும், பிள்ளைங்க பழகிட்டாங்க, பழைய எக்செல் ஓடுது, எவளும் தொட மாட்டா. செப்டம்பர் அக்டோபர்ல பிஎஸ்எல்இ, அதான் ஆறாம் வகுப்புப் பொதுத் தேர்வு, தலையே தூக்க மாட்டோம். புது முறைக்கு மாறணும்னா நவம்பர் டிசம்பர் லீவு தான், அடுத்த வருஷ டைம்டேபிள் போடும்போது. ஜூன் லீவுல கொஞ்சம் மூச்சு விடுவோம், அப்போ வேணா பேசிப் பார்க்கலாம்.

பொங்கோல்_புரோகிராமர்
அக்கா, நாலு டான் விஷயம் படிச்சதும் சிரிப்பு வந்துச்சு, அடுத்த நிமிஷம் வயித்துல புளிய கரைச்சுது. ஏன்னா அது எங்க சாஃப்ட்வேர்ல ஏற்கனவே இருக்கு! பில் போடும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி பேநவ் கியூஆர் வரும், தொகையும் பில் நம்பரும் அந்தக் கியூஆருக்குள்ளயே இருக்கும், அப்பா ஸ்கேன் பண்ணாலும் தாத்தா ஸ்கேன் பண்ணாலும் பேங்க்ல வரும்போது பில் நம்பரோட வரும். உங்க யூஈஎன்-ல (கம்பெனி பதிவு எண்) பேநவ் கார்ப்பரேட் இருந்தா போதும். நாங்க அத செட்டிங்ஸ் பக்கத்துல மூணாவது டேப்ல வெச்சிருக்கோம் 🤦 விளம்பரத்துல ஒரு வரி கூட சொல்லல.

டியூஷன்_அக்கா
அட பாவி.

கோப்பி_ஓ_கோசோங்
😂 இந்த இழைக்கு இதுக்கு மேல என்ன இருக்கு.

நைட்_கோடர்
நம்ம கோடர்ஸ் எல்லாருக்கும் இதே வியாதி. எது செய்ய கஷ்டப்பட்டோமோ அத முன்னாடி வெப்போம், எது எதிராளிக்கு வலிக்குதோ அது மூணாவது டேப்ல கிடக்கும்.

நான் பட்ட கதை ஒண்ணு. 2023ல சின்ன மினிமார்ட்டுக்கு ஸ்டாக் பாக்குற ஆண்ட்ராய்ட் ஆப் பண்ணேன். பிளே ஸ்டோர் ரிவியூவுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாம ஆப்ப என் சொந்த வெப்சைட்ல போட்டு, ஃபேஸ்புக்ல "இங்கே அமுக்கி இறக்குங்கள்"னு விளம்பரம் விட்டேன். அந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? ஃபேஸ்புக்ல வீடு சுத்தம் பண்றது, கடல் உணவு, மூன்கேக்னு விளம்பரம் போட்டு, ஆர்டர் பண்ண இந்த ஆப்ப இறக்குன்னு சொல்லி, இறக்குனதும் பேங்க் கணக்க காலி பண்ண மோசடி, போலீஸ் திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்ட நேரம். என் விளம்பரம் அச்சு அசலா அதே மாதிரி இருந்துச்சு! முதல் கமென்ட்டே "ஸ்கேம், அமுக்காதீங்க", அதுக்கு 52 லைக். அந்தப் பேஜ மூடிட்டு வேற பேர்ல ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு.

அதனால இந்த ஊர்ல புது ஆளு விளம்பரத்துல "டவுன்லோட்", "லிங்க்க அமுக்கு" எதுவும் வேண்டாம். எஸ்எம்எஸ்ல லிங்க் அனுப்புற யோசனை இருந்தா அதுவும் வேண்டாம், 2023 ஜனவரி கடைசிலேர்ந்து பேர் பதியாம அனுப்புனா "மோசடியாக இருக்கலாம்"னு முத்திரையோட தான் போய் நிக்கும். முகத்த காட்டு, குரல காட்டு, யூஈஎன் போடு, ஸ்க்ரீன ஓட்டிக் காட்டு. பார்த்தவன் தானா தேடி வரட்டும்.

தேக்கா_வாசி
நான் வேற மாதிரி சொல்றேன். தமிழ்ல விளம்பரம் போட்டதே தப்புன்னு சிலர் சொல்வாங்க, ஏன்னா இங்க இந்தியர் மொத்தமே 9% சொச்சம், அதுல தமிழ் படிக்கிறவங்க, அதுல சென்டர் வெச்சிருக்கிறவங்கன்னு வடிகட்டுனா தேக்கா மார்க்கெட் மாடிப்படில நிக்க வெச்சிடலாம். காசு குடுத்து ஓடுற விளம்பரத்துக்கு அது உண்மை, அவ்ளோ சின்ன கூட்டத்துக்கு ஓட்டுனா ஒரே ஆளுக்கே பத்து தடவ காட்டி வெறுப்பேத்தும்.

ஆனா காசு குடுக்காம பரவுறதுக்கு சின்ன கூட்டம் தான் பலம். தமிழ் டீச்சருங்க, பரதம் சொல்லிக் குடுக்கிறவங்க, மிருதங்க வாத்தியார் எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவங்க, எல்லாரும் ஏதோ ரெண்டு வாட்ஸ்ஆப் குரூப்ல இருக்காங்க. ஒரு நல்ல 40 வினாடி வீடியோ அதுக்குள்ள விழுந்தா ஒரு வாரத்துல எல்லார் போன்லயும் இருக்கும். நீங்க அனுப்பக் கூடாது, அவங்க அனுப்பணும். அது தான் வித்தியாசம்.

உபி_டேட்டாபேஸ்
இத ஒத்துக்கிறேன். ஆனா குரூப்ல பரவுறத சோஷியல் மீடியா மார்க்கெட்டிங்னு சொல்லாதீங்க, அது வாய் வார்த்தை, போன்ல நடக்குது அவ்ளோ தான்.

தேக்கா_வாசி
பேர் என்ன வெச்சா என்ன அண்ணே, கல்லாவுல விழுந்தா சரி.

உபி_டேட்டாபேஸ்
பேர் முக்கியம் லா. போன வருஷம் ஒரு ஏஜென்சிகாரங்க வந்து மாசம் 12 போஸ்ட், 800 வெள்ளின்னு பேசுனாங்க. 12 போஸ்ட்ல 5 பண்டிகை வாழ்த்து! தீபாவளிக்கு நான் வாழ்த்து சொன்னா கார் மெக்கானிக் ஜாப் கார்டு வாங்குவாரா? மார்க்கெட்டிங்னு சொல்லி இத தான் விக்கிறாங்க.

கோப்பி_ஓ_கோசோங்
பண்டிகை வாழ்த்து பத்தி மட்டும் பேசாதீங்க, என் பொண்டாட்டி டிசைனர், அதுல தான் எங்க வீட்ல சோறு.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். வீடியோ எடுக்கிறப்போ சில்லறை விஷயம் சில: போன நேரா பிடி, படுக்க வெக்காத. முதல் 3 வினாடில "வணக்கம் நான் இன்னார்"னு ஆரம்பிக்காத, நேரா அந்தப் பேங்க் ஸ்க்ரீன காட்டு, "இந்த 340 வெள்ளி யாரோடது?"ன்னு கேளு. சத்தம் இல்லாம தான் பாதி பேர் எம்ஆர்டி ரயில்ல பார்ப்பாங்க, அதனால எழுத்து கீழ ஓடணும். பேர், நம்பர் எல்லாம் பொய்யா போட்ட டெமோ அக்கவுன்ட்ல எடு, நிஜப் பிள்ளைங்க பேர் ஒண்ணு கூடத் தெரியக் கூடாது, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் (பிடிபிஏ) இருக்கு, அது போக அம்மாமாருங்க உன்ன விட மாட்டாங்க. உன் பேஜ்ல போடுறத விட உன் சொந்த ப்ரொஃபைல்ல போடு. 2018லயே ஃபேஸ்புக் சொல்லிடுச்சு, கம்பெனி பேஜ விட நண்பர் குடும்பத்து போஸ்ட்டுக்குத் தான் முன்னுரிமைன்னு. பேஜ்ல காசில்லாம போட்டா உங்க அம்மாவும் நானும் தான் பார்ப்போம்.

வாட்ஸ்ஆப் ப்ராட்காஸ்ட் லிஸ்ட் நினைச்சு வெச்சிருந்தா, அது உன் நம்பர சேவ் பண்ணி வெச்சவங்களுக்குத் தான் போகும், ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர். இருக்குற 11 கஸ்டமருக்கு அது போதும். மாசம் ஒரு தடவ ஒரு புது விஷயம் அதுல போடு, அவங்களே முன்னாடி தள்ளுவாங்க.

ஈசூன்_தம்பி
பிஎஸ்ஜி கிராண்ட்ல (சின்ன கம்பெனிங்க சாஃப்ட்வேர் வாங்க அரசாங்கம் தர்ற மானியம்) போட்டா பாதி காசு கவர்மென்ட் தருமே ப்ரோ, அத வெச்சு விளம்பரம் போடலாமே, "50% ஆஃப்"னு

உபி_டேட்டாபேஸ்
அதுக்கு முதல்ல நம்ம சாஃப்ட்வேர் அங்கீகரிச்ச பட்டியல்ல இருக்கணும், 11 கஸ்டமர் வெச்சிக்கிட்டு அது சுலபம் இல்ல. வாங்குறவரும் விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி காசு கட்டிருக்கக் கூடாது. 39 வெள்ளிக்கு இந்த அலைச்சல் எதுக்கு, விடுங்க.

பொங்கோல்_புரோகிராமர்
எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் விளம்பரம் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். வீடியோ எடுத்துட்டு வந்து சொல்றேன்.

பொங்கோல்_புரோகிராமர் (மூணு வாரம் கழிச்சு)
வந்துட்டேன். நடந்தத அப்படியே சொல்றேன்.

முதல் வீடியோ நானே பேசி எடுத்தேன், 2 நிமிஷம் 10 வினாடி, என் நண்பன் பார்த்துட்டு "நியூஸ் வாசிக்கிறியா"ன்னு கேட்டான். தூக்கிப் போட்டேன். ரெண்டாவது, முகம் இல்ல, போன் ஸ்க்ரீன் மட்டும், 38 வினாடி. பேங்க் ஆப் மாதிரி நாங்களே வரைஞ்ச ஒரு ஸ்க்ரீன், அதுல "டான், 340 வெள்ளி". கீழ எழுத்து: "நாலு டான். இது எந்த டான்?" அப்புறம் பில், கியூஆர், தாத்தா ஸ்கேன் பண்றாரு (என் சொந்த அப்பா தான், 10 வெள்ளி சம்பளம் கேட்டாரு), ரெண்டு பேர் பேருக்கு நேரா பச்சை டிக் விழுது. முடிஞ்சிது. கம்பெனி பேர் கடைசி 2 வினாடி, யூஈஎன்னோட. லிங்க் இல்ல.

என் ப்ரொஃபைல்ல போட்டேன், லைக் 23. பழைய விளம்பரத்துக்கு 640. ஆனா கமென்ட் போட்ட 9 பேர்ல 4 பேர் சென்டர் நடத்துறவங்க, ஒரு பிரைமரி கணக்கு டீச்சர் "எனக்கு நாலு இல்ல, ஏழு லிம்"னு எழுதிருந்தாங்க. டியூஷன் அக்கா அத அவங்க குரூப்ல தள்ளி விட்டாங்க, நான் கேக்கல.

மூணு வாரத்துல 6 பேர் கூப்பிட்டாங்க, 4 டெமோ, 2 பேர் காசு கட்டிட்டாங்க. ஒருத்தர் வேணாம்னுட்டாரு, அவருக்கு எக்செல் தான் புடிச்சிருக்காம், நியாயம் தான். நாலாவது ஆளு ஒரு சீன மேடம், பிடோக்ல ஆர்ட் கிளாஸ், தமிழே தெரியாது, யாரோ அந்த வீடியோவ அவங்களுக்கு அனுப்பிருக்காங்க. சத்தம் இல்லாம எடுத்தது அங்க தான் உதவுச்சு. ஆனா அவங்க டெமோல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்க, எங்க லிஸ்ட் கடைசி பேர வெச்சு வரிசை கட்டுது, சீனப் பேர்ல குடும்பப் பேர் முன்னாடி வரும், அதனால வரிசை மொத்தமும் குழம்பிடுச்சு. அன்னிக்கு ராத்திரியே மாத்துனோம், இன்னும் பதில் வரல.

பயனுள்ள இன்னொரு விஷயம், இப்போ செட்டிங்ஸ்ல மூணாவது டேப்ல இருந்தத முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்துட்டோம். ஏற்கனவே இருந்த 11 பேர்ல 7 பேருக்கு அது இருக்குன்னே தெரியாதாம்.

நைட்_கோடர்
அந்த 7 பேர் தான் நிஜமான செய்தி. அவங்கள வெச்சு அடுத்த வீடியோ எடுங்க.

உபி_டேட்டாபேஸ்
சரி, 2 பேர் வந்துட்டாங்க, நான் கொஞ்சம் வாய மூடிக்கிறேன். ஆனா பிடோக் மேடத்துக்கு பதிலுக்குக் காத்திருக்காத, நேர்ல போய் அந்த வரிசைய காட்டிட்டு வா.

பொங்கோல்_புரோகிராமர்
சனிக்கிழமை போறேன் அண்ணே. 12 மணிக்கு கிளாஸ் முடியுதாம்.

டியூஷன்_அக்கா
தம்பி நல்லது. இப்போ என் சந்தேகம்: அப்பா ஒருத்தர் 3 மாசத்துக்கு முன்கூட்டியே கட்டிட்டாரு, நடுவுல பிள்ளை ஜூன் லீவுல இந்தியா போயி ரெண்டு கிளாஸ் வரல, அந்த ரெண்டையும் ஜூலைக்குக் கழிக்கணுமா, ரீப்ளேஸ்மென்ட்டா போடணுமா, அத உன் சாஃப்ட்வேர்ல எப்படி போடுறது? எழுதாத, வீடியோ எடுத்து அனுப்பு, குரூப்ல இன்னும் மூணு பேர் இதே தான் கேக்குறாங்க.